பூட்டைவிடக் கொண்டியைப் பாருங்கள்: வீட்டுக் காவல் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 69. சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருவர் மட்டும் இருக்கிறார்கள். அடுத்த வீடு கால் கிலோமீட்டர் தள்ளி. ஊருக்குள் வந்துவிடுங்கள் என்றால், மாட்டை யார் பார்ப்பது என்கிறார் அப்பா. தூங்கவே முடியவில்லை. என்ன ஏற்பாடு செய்யலாம்?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் மகனும் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரி அருகே இன்னொரு தம்பதி. அதற்குப் பிறகு கொங்குப் பகுதியில் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே கவலைதான். அப்பாவை ஊருக்குள் அழைத்து வருவது நடக்காத காரியம் என்றால், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேறொரு இலக்கை வையுங்கள்: இருட்டிய பிறகு எந்தக் காரணத்துக்காகவும் அவர்கள் கதவைத் திறக்கத் தேவை இருக்கக் கூடாது. தனி வீட்டில் இருப்பவர் கதவுக்கு உள்ளே இருக்கும்வரை அவருக்குக் கதவு துணை. வாசலில் இறங்கிவிட்டால் எந்தத் துணையும் இல்லை.

ராத்திரியில் எதற்கெல்லாம் வெளியே வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் கழிப்பறை. பெரும்பாலான தோட்டத்து வீடுகளில் அது பத்து இருபது அடி தள்ளித்தான் இருக்கும். 70 வயதைத் தாண்டியவர் ராத்திரிக்கு இரண்டு மூன்று முறை எழுந்து போவார். நீங்கள் செலவழிக்கப் போகும் முதல் ரூபாய் கேமராவுக்கு அல்ல, படுக்கை அறையை ஒட்டி உள்ளிருந்தே போகும்படி ஒரு கழிப்பறை கட்டுவதற்கு. அது முடியும்வரை மருத்துவப் பொருள் கடையில் கிடைக்கும் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிப் படுக்கை அறையில் வையுங்கள். அப்பா முதலில் முகம் சுளிப்பார். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அடுத்தது மோட்டார். ராத்திரி கரண்டு வரும் நேரம் பார்த்துப் போட எழுந்து போகிறார் என்றால், கைபேசியில் அழைத்தால் ஓடவும் நிற்கவும் செய்யும் மொபைல் ஸ்டார்ட்டரைப் பொருத்துங்கள். கட்டுத்தரைக்கு ஒரு விளக்கு, அதன் ஸ்விட்ச் வீட்டுக்குள். படுக்கை அறை ஜன்னல் வழியாக மாடு தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வெயில் காலத்தில் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்கும் பழக்கத்தைத்தான் நிறுத்துவது கடினம். கொசுவலை அடித்த ஜன்னல், இன்வெர்ட்டரில் ஓடும் மின்விசிறி இரண்டும் இருந்தால் பேசிப் பார்க்கலாம். இல்லாமல் பேசிப் பயனில்லை.

வெளியே வரவழைக்கும் தந்திரங்களையும் சொல்லிவையுங்கள். வெளியே உள்ள மீட்டர் பெட்டியில் பியூஸைப் பிடுங்குவது, குழாயைத் திறந்துவிடுவது, மாட்டை அவிழ்த்துவிடுவது. கரண்டு போனால் உடனே எழுந்து போகாமல், ஜன்னலில் நின்று பக்கத்துத் தோட்டத்து விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே எரிந்து இங்கே மட்டும் இருட்டு என்றால், கதவைத் தொடாமல் போன் செய்ய வேண்டும். பியூஸ் போனதாகவே இருக்கட்டும், விடிந்தபின் போட்டுக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. வீட்டுச் சுவரில் சாய்த்துவைத்த கடப்பாரை, மம்மட்டி, கொடுவாள், தென்னை ஏறும் ஏணி. வருகிறவன் கையில் எதுவும் கொண்டுவர வேண்டியதே இல்லை. கதவை உடைக்கவும் ஆளை அடிக்கவும் வேண்டியதை நாமே எடுத்து வைத்திருக்கிறோம். பொழுது சாயும்போது அத்தனையும் ஒரு அறைக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும். ஏணியைச் சங்கிலி போட்டு மரத்தோடு பூட்டுங்கள்.

விளக்கு: வீட்டின் நான்கு பக்கமும் தாழ்வாரத்துக்குக் கீழே, வெளிப்பக்கம் பார்த்தபடி 20 வாட் எல்இடி விளக்கு ஒவ்வொன்று. நான்குக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்ச், அதுவும் கட்டில் தலைமாட்டில். இணைப்பு இன்வெர்ட்டரிலிருந்து வர வேண்டும். அப்போதுதான் வெளியே பியூஸைப் பிடுங்கினாலும் எரியும். நாய் குரைத்தால் உள் விளக்கைப் போடாமல் வெளி விளக்கை மட்டும் போட வேண்டும். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம் என்றால் நமக்கு எல்லாம் தெரியும், நாம் அவனுக்குத் தெரிய மாட்டோம்.

சைரன் வாங்குபவர்கள் ஒரு கணக்கைப் பார்ப்பதில்லை. 110 டெசிபல் என்று பெட்டியில் போட்டிருப்பது ஒரு மீட்டர் தூரத்தில் உள்ள அளவு. தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். 250 மீட்டரில் அது ஏறத்தாழ 62 டெசிபல், அதாவது சாதாரணப் பேச்சுச் சத்தம். ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை ஓடவிட்டுத் தூங்குபவர் காதில் அது விழாது. ஆகவே உங்கள் வீட்டில் பொத்தானை அமுக்கினால் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலும் ஒரு சைரன் அலறும்படி, சிம் கார்டு வழியாக அழைக்கும் கருவியாகப் போடுங்கள். அந்த இடத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நிற்கிறது என்று படுக்கை அறைக்குள்ளேயே நின்று சோதித்துவிட்டு சிம் வாங்குங்கள். அந்த வீட்டாரோடு முன்கூட்டியே பேசிவையுங்கள்: சத்தம் கேட்டால் முதலில் அவர்கள் விளக்கைப் போட்டு அவசர உதவி எண் 112-ஐ அழைக்க வேண்டும், பிறகு நான்கு பேராகச் சேர்ந்து வர வேண்டும். ஒற்றை ஆளாக ஓடிவருவது அவர் உயிருக்கும் ஆபத்து.

அப்பாவின் தலையணைக்குக் கீழே பொத்தான் போன் ஒன்று இருக்கட்டும். 2-ஐ அழுத்திப் பிடித்தால் பக்கத்துத் தோட்டம், 3-ஐ அழுத்தினால் நீங்கள் என்று பதிந்துவையுங்கள். இரவு ஒன்பதுக்கும் காலை ஆறுக்கும் தினமும் பேசுங்கள். இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை என்றால் யாரை அனுப்புவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். காவல் நிலையத்தில், முதியவர்கள் தனியாக இருக்கும் வீடு என்று எழுதிக் கொடுத்து, ரோந்துக் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகத்தை உங்கள் தோட்டத்திலும் வைக்கக் கேளுங்கள்.

மாடு விற்ற பணம், மஞ்சள் விற்ற பணம் அன்றைக்கே வங்கிக்குப் போய்விட வேண்டும். சந்தையில் கைமாறிய தொகை இத்தனை என்று ஊருக்கே தெரிந்திருக்கும். அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு போதும்.

கேள்வி: வீட்டுக்கு ஏழு லீவர் பூட்டு வாங்கியிருக்கிறேன். இதற்கு மேலும் ஏதாவது வேண்டுமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: லீவர் என்பது பூட்டுக்குள் சாவி தூக்கும் தகடு. அதன் எண்ணிக்கை கூடக் கூட, கள்ளச்சாவியால் திறப்பது கடினமாகும். ஆனால் வருகிறவர்கள் பூட்டைத் திறக்க உட்காருவது குறைவு, நெம்புகிறார்கள். கடப்பாரை நுனியைக் கொண்டிக்குள் விட்டு ஒரே அழுத்து. பூட்டு முழுசாக இருக்கும், கொண்டியோடு கழன்று கீழே கிடக்கும். காரணம், கொண்டியைப் பிடித்திருப்பவை அரை அங்குலத் திருகாணிகள். அவற்றை எடுத்துவிட்டு, கதவை ஊடுருவி மறுபக்கம் வரும் 8 மில்லிமீட்டர் போல்ட் போட்டு, உட்பக்கம் அகலமான வாஷரும் நட்டும் மாட்டச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் போல்ட்டின் தலை, ஸ்பேனர் பிடிக்காத உருண்டைத் தலையாக இருக்க வேண்டும். தச்சருக்கு ஒரு மணி நேர வேலை. இதைச் செய்யாமல் பூட்டுக்கு எவ்வளவு செலவழித்தாலும் வீண்.

தொங்கும் பூட்டுக்கு இன்னொரு குறை, வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே சொல்லிவிடும். கதவுக்குள் பதிக்கும் பூட்டு போட்டால் வெளியே சாவித் துவாரம் மட்டும் தெரியும். அதில் நாக்கு குறைந்தது 25 மில்லிமீட்டராவது நிலைக்குள் போக வேண்டும். நாக்கு நுழையும் தகட்டை நிலையில் பிடிக்க 2 அங்குலத் திருகாணி போடுங்கள்.

இப்போது எழுந்து போய், பூட்டு இருக்கும் உயரத்தில் நிலையை முஷ்டியால் தட்டிப் பாருங்கள். கனத்த சத்தம் வந்தால் சரி. டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்டால், நிலைக்கும் சுவருக்கும் நடுவே கலவை இறங்காமல் சந்து இருக்கிறது என்று பொருள். நெம்பும்போது நிலை அந்தச் சந்துக்குள் வளைந்து கொடுக்கும், நாக்கு வெளியே வந்துவிடும். ஓட்டை போட்டு சிமெண்டுப் பால் ஊற்றி நிரப்பச் சொல்லுங்கள்.

முன்கதவைப் பலப்படுத்தியவர்கள் கொல்லைக் கதவையும் மொட்டை மாடிக் கதவையும் மறந்துவிடுகிறார்கள். மாடிக் கதவு பல வீடுகளில் தகரம் அல்லது பிவிசி. அங்கே மேலே ஏறிவிட்டவனை யாரும் பார்க்கவும் மாட்டார்கள், அவனுக்கு நேரமும் இருக்கிறது. இந்த இரண்டு கதவுக்கும் உட்பக்கம் 40 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டை இரும்பைக் குறுக்கே போடுங்கள். அது உட்காரும் இரண்டு கொக்கிகளையும் சுவரில் 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட்டால் இறுக்க வேண்டும். கதவு உட்பக்கம் திறப்பதாக இருந்தால் இதைப்போலப் பலமானது வேறில்லை. தீ விபத்து என்றால் உடனே எடுக்க வரும்படி, வீட்டில் உள்ள முதியவர் ஒரு கையால் தூக்கக் கூடிய எடைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குளியலறை வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகள் மட்டும் இருந்தால் ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடலாம். கம்பி போடுங்கள், இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஜன்னல் கிரில் வெளியிலிருந்து திருகப்பட்டிருந்தால் திருகாணித் தலைகளை வெல்டிங் வைத்து மூடுங்கள்.

கேள்வி: ராத்திரி ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கலாமா? கிரில் இருக்கிறது.
(வாசகி, மதுரை)

பதில்: கிரில் ஆளைத் தடுக்கும், கையையும் குச்சியையும் தடுக்காது. நுனியில் கொக்கி கட்டிய நீளக் குச்சியால் கைபேசி, கைப்பை, ஆணியில் தொங்கும் சாவி, சட்டை எல்லாவற்றையும் இழுத்துவிடுகிறார்கள். ஜன்னலோரம் தலைவைத்துப் படுத்த பெண்களின் சங்கிலியை அறுத்துப் போனதும் உண்டு. ஜன்னல் பக்கம் காலை நீட்டிப் படுங்கள். ஜன்னலிலிருந்து ஆறடிக்குள் எந்தப் பொருளும் வேண்டாம். கொசுவலைச் சட்டம் உட்பக்கம் திருகப்பட்டிருந்தால் அதுவே நல்ல தடுப்பு.

கேள்வி: பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம். வீட்டில் ஆள் இல்லை என்று தெரியாமல் இருக்க என்ன செய்யலாம்? பீரோவில் இருக்கும் நகையை என்ன செய்வது?
(வாசகர், தாம்பரம்)

பதில்: காலை ஏழு மணிக்குத் தெருவில் நடந்து போனால் போதும், கோலம் இல்லாத வாசல் எது என்று தெரிந்துவிடும். பொங்கல் வாரத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும். எதிர் வீட்டம்மாவிடம் சொல்லி உங்கள் வாசலிலும் தண்ணீர் தெளித்து இரண்டு கோடு இழுக்கச் சொல்லுங்கள். பால், செய்தித்தாள் இரண்டையும் நிறுத்துங்கள். கேட்டில் செருகிய விளம்பர நோட்டீஸை யாராவது எடுத்துவிட வேண்டும். பழைய செருப்பு இரண்டு ஜோடி வாசலில் கிடக்கட்டும்.

போர்டிகோ விளக்கைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பகல் பன்னிரண்டு மணிக்கும் எரியும் விளக்கு, ஆள் இல்லை என்பதற்குச் சாட்சி. பிளக்கில் செருகும் டைமர் ஒன்று வாங்கி, கூடத்து விளக்கு மாலை 6.30-க்கு எரிந்து 10.30-க்கு அணையும்படி வையுங்கள். கேட்டில் பூட்டு உட்பக்கம் தொங்கட்டும். சாவி பூந்தொட்டி, மீட்டர் பெட்டி, செருப்பு அலமாரி எங்கேயும் வேண்டாம். முதலில் தேடும் இடங்கள் அவைதான். ஊரில் எடுத்த படங்களைத் திரும்பி வந்தபின் ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ளலாம். காவல் நிலையத்தில் போகும் நாள், வரும் நாள், உங்கள் எண், சாவி யாரிடம் என்று எழுதிக் கொடுத்தால் ரோந்தில் சேர்த்துக்கொள்வார்கள். இதற்குக் கட்டணம் இல்லை.

நகை பீரோவில் இருக்கக் கூடாது. பீரோ என்பது மெல்லிய தகடு. பீரோ சாவியோ அதன் தலைமேலே, மெத்தைக்குக் கீழே, பூஜை அறையில் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். வங்கி லாக்கரில் வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 ஜனவரி முதல், தீ, திருட்டு, கொள்ளை, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். ஆண்டுக்கு 3,000 ரூபாய் வாடகை என்றால் 3 லட்சம். அதற்கு மேல் மதிப்புள்ள நகைக்குத் தனிக் காப்பீடு எடுப்பது நல்லது. ஒவ்வொரு நகையையும் வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்து, எடையையும் ஹால்மார்க்கில் அந்த நகைக்கென்றே உள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி எண்ணையும் குறித்துவையுங்கள். மீட்கப்பட்ட சங்கிலிகள் பத்து மேசையில் கிடக்கும்போது உங்களுடையது எது என்று காட்ட அந்த எண் போல் உதவுவது வேறில்லை.

கேள்வி: நான்கு கேமரா பொருத்தினோம். பைக் திருட்டுப் போனபோது பார்த்தால் முகமே தெரியவில்லை. ஏன்?
(வாசகர், திருச்சி)

பதில்: பத்தடி உயரத்தில் மாட்டியிருப்பீர்கள். அங்கிருந்து தொப்பியும் உச்சந்தலையும்தான் தெரியும். வாசலைப் பார்க்கும் ஒரு கேமராவையாவது ஏழடி உயரத்துக்கு இறக்குங்கள். அதைத் திருப்பிவிட வருபவனை இன்னொரு கேமரா பார்க்கட்டும். ராத்திரிப் படம் வெள்ளை வெள்ளையாக இருந்தால், லென்ஸுக்கு அருகில் உள்ள சன்ஷேடு அல்லது சுவர் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அடிக்கிறது. ஒரு சாண் தள்ளி மாட்டுங்கள். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வாரம் ஒருமுறை வலையைத் துடைக்க வேண்டும்.

2 மெகாபிக்சல் கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்குக்கும் சேர்த்து 86 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் பதினோரு நாள்தான் தங்கும், பிறகு பழையது அழியும். ஏதாவது நடந்தால் அன்றைக்கே பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். கேமராப் படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள், திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். பரணில் பூட்டி வையுங்கள். டிவிஆர், ரவுட்டர், கேமரா மூன்றும் சேர்ந்து 40 முதல் 50 வாட்தான் இழுக்கும், இன்வெர்ட்டரில் சேருங்கள். டிவிஆர் காட்டும் தேதியும் நேரமும் சரியா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். உள்ளே உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்தால், கரண்டு போய் வரும்போதெல்லாம் தேதி பின்னோக்கி ஓடிவிடும். வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். படத்தைச் சாட்சியமாக ஏற்க பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். பொருத்தியவர் கொடுத்த கடவுச்சொல்லையும் இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: காம்பவுண்டு கம்பியில் ராத்திரி மட்டும் கரண்டு விடலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: கூடவே கூடாது. 230 வோல்ட் மின்சாரம், திருடன், பக்கத்து வீட்டுக் குழந்தை, பந்தெடுக்க வந்த பையன், காலையில் அணைக்க மறந்துவிட்டுத் துணி காயப்போடும் உங்கள் மனைவி என்று ஆள் பார்க்காது. யார் இறந்தாலும் உங்கள் மேல் குற்ற வழக்கு. தோட்டங்களில் போடும் சூரிய மின்வேலி வேறு வகை, நொடிக்கொரு முறை துடிப்பாக மட்டும் மின்சாரம் பாயும். அதற்கும் காட்டை ஒட்டிய பகுதிகளில் பதிவு தேவை என்று தமிழக அரசு 2023-இல் விதி கொண்டுவந்தது. மதிலோரம் காகிதப்பூச் செடி வையுங்கள். முள்ளும் அடர்த்தியும் சேர்ந்து நல்ல வேலி.

கேள்வி: பகலில் தனியாக இருக்கிறேன். நகை பாலிஷ், கேஸ் சோதனை, மீட்டர் என்று யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். யாரை நம்புவது?
(வாசகி, சேலம்)

பதில்: யார் வந்தாலும் கிரில் கேட் பூட்டியபடியே பேசுங்கள். பூட்டைத் திறந்துவிட்டுப் பேசுவதுதான் எல்லாத் தவறுக்கும் தொடக்கம்.

நகை பாலிஷ் வேண்டவே வேண்டாம். முதலில் பித்தளை விளக்கையோ கொலுசையோ இலவசமாகப் பளபளப்பாக்கிக் காட்டுவார்கள். அடுத்து சங்கிலியை வாங்கி ஒரு கரைசலில் முக்குவார்கள். அது ராஜ திராவகம். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தது, தங்கத்தைக் கரைக்கும். சங்கிலி பார்க்க அப்படியே இருக்கும், எடை குறைந்திருக்கும். இன்னொரு வகையில், டப்பாவில் மஞ்சள் தண்ணீரோடு போட்டுச் சூடாக்கி, அரை மணி நேரம் திறக்காதீர்கள் என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

கேஸ் சோதனை என்று வந்தால், உங்கள் சிலிண்டர் ரசீதில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். வந்தவர் காட்டும் எண்ணுக்கு அல்ல. மின் கணக்கெடுப்பு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மீட்டரைப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி, அறைக்குள் வர வேண்டியதில்லை. தண்ணீர் கேட்டால் கொடுங்கள், கம்பிக்கு இடையில் பாட்டிலாக.

சந்தேகப்படும்படி யாராவது திரிந்தால் 112-க்குச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படம் பரப்புவதும் தெருவைக் கூட்டுவதும் வேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டி, பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் அடித்தே கொல்லப்பட்டார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது மட்டும்தான் அவர் செய்தது.

கேள்வி: திரும்பி வந்தபோது கதவு உடைந்திருந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? புகார் கொடுத்தால் சிஎஸ்ஆர் ரசீது மட்டும் தருகிறார்களாமே?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: உள்ளே போகாதீர்கள். அவன் இன்னும் உள்ளே இருக்கலாம். தப்பிக்க வழி மறித்தால் தாக்குவான். தெருவில் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய் 112 அல்லது 100-ஐ அழையுங்கள். தமிழகக் காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் உங்கள் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். போலீஸ் வரும்வரை உறவினர் யாரையும் உள்ளே விடாதீர்கள். பீரோ கைப்பிடி, சிதறிய டப்பா மூடி, கழுவாத டம்ளர், இவற்றில்தான் கைரேகை கிடைக்கும். நாலு பேர் போய் எடுத்துப் பார்த்து 'ஐயோ' என்று வைத்துவிட்டால் அது போயிற்று. மிளகாய்ப் பொடி தூவியிருந்தால் கூட்டாதீர்கள்.

சிஎஸ்ஆர் என்பது மனு வாங்கியதற்கான ரசீது, வழக்குப் பதிவு அல்ல. வீடு புகுந்து திருடியது பிடியாணை இல்லாமல் கைது செய்யக் கூடிய குற்றம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை வேறு என்று திருப்பி அனுப்ப முடியாது. பதிய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம். காப்பீடு இருந்தால் நிறுவனம் முதலில் கேட்பது அந்த நகலையும், உடைத்து நுழைந்ததற்கான அடையாளத்தையும்தான். ஆகவே மதிப்பீட்டாளர் வந்து படம் எடுக்கும்வரை உடைந்த கொண்டியையும் பூட்டையும் தூக்கி எறியாதீர்கள். தச்சரை அழைத்துத் தற்காலிகமாக ஒரு பலகை மட்டும் அடித்துக்கொள்ளுங்கள்.